கியரில் நின்ற கார்

அத்தியாயம் 9

"நான்தான் கொன்னேன். எழுதிக்குங்க," என்றான் மெர்ல் டாப்ஸன்.

இர்மா கோஸ்கெலா எதையும் எழுதிக்கொள்ளவில்லை. அவளுக்கு முதலில் மூச்சு விட வேண்டியிருந்தது. ஹார்லன் க்ரீக் லாக்கப்பில் முந்தின ராத்திரி எவனோ குடித்துவிட்டு வாந்தி எடுத்திருந்தான். அதைக் கழுவாமல், மேலே பைன் வாசனை மருந்தைத் தெளித்துவிட்டுப் போயிருந்தார்கள். இப்போது ஒரு பைன் மரமே வாந்தி எடுத்த மாதிரி நாறியது. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வருஷக்கணக்காகப் பொய்க் கணக்குகளைத் துருவிவிட்டு, வெறுத்துப் போய்த் தனியாகத் துப்பறிய வந்தவள் அவள். இங்கேயும் அதே மனிதர்கள்தான் கிடைத்தார்கள், நாற்றம் மட்டும் கூடுதல்.

"பாவமன்னிப்பு குடுக்க நான் பாதிரியார் இல்ல. உன் பொண்டாட்டி அழுதா, வந்தேன்," என்றாள். "என்ன செஞ்சேன்னு ஒழுங்கா சொல்லு."

மெர்ல் தன் கைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னான். அந்தக் கைகளின் ரேகைகளில் கியர் ஆயில் கறுப்பு இன்னும் போகவில்லை.

செத்துப்போன ஆர்வில் ஹாஸ்கெட் கார் ஃபாக்டரியில் உழைத்து ரிட்டயர் ஆனவர், மெர்லுக்கு மீன்பிடிக் கூட்டாளி. அவரிடம் ஒரு அறுபத்தொன்பதாம் வருஷத்து பிளிமத் இருந்தது. பூதம் மாதிரி என்ஜின், ஆனால் ஆட்டோமேட்டிக் கியர். மனைவிக்குக் கிளட்ச் மிதிக்க வராது என்பதற்காக அன்றைக்கு அப்படி வாங்கியது. மனைவி போன பிறகு மனிதருக்கு ஒரே ஒரு ஆசை மிஞ்சியது, அந்த என்ஜினுக்கு நாலு கியர் உள்ள பாக்ஸ் ஒன்றை மாட்டி, தன் கையாலேயே கியர் போட்டு ஓட்ட வேண்டும்.

"ஆட்டோமேட்டிக்குன்னே பொறந்த என்ஜின் அது, மேடம். கியர் பாக்ஸ் ஷாஃப்ட் போய் உக்கார்றதுக்குப் பின்னால துளையே சரியா போடாம விட்டிருந்தான். அதுக்கு ஒரு புஷ் வளையம் கடைஞ்சு போட்டேன். கியர் ராடு மேல வர்றதுக்கு வண்டித் தரையை அறுத்தேன். கிளட்ச் பெடலைத் தொங்க விட்டேன். அவ்வளவு பெரிய என்ஜினுக்குக் கிளட்ச் கல்லு மாதிரி இருக்கும். ஆர்விலுக்கு இடது முழங்கால் போச்சு. அதுக்காகத் தனியா ஆயில் சிலிண்டர் வெச்சு மெத்துன்னு பண்ணினேன். சுண்டு விரலால அமுக்கலாம். அப்படி ஒரு கிளட்ச் இந்த மாநிலத்துலயே கிடையாது."

"அப்புறம்?"

"அப்புறம்தான் அந்தக் கம்பி." மெர்லின் குரல் இறங்கியது. "ஆட்டோமேட்டிக் வண்டி கியர்ல இருந்தா ஸ்டார்ட் ஆகாது. அதுக்கு உண்டான சுவிட்சு பழைய பாக்ஸோட கழண்டு வந்துடும். புதுசா ஒண்ணை கிளட்ச் பெடல்ல வைக்கணும், மிதிச்சாத்தான் ஸ்டார்ட் ஆகுற மாதிரி. யாரும் வைக்கறதில்ல. ரெண்டு கம்பியை முறுக்கி டேப்பைச் சுத்திட்டுப் போயிடுவோம். அப்புறம் கியர்ல கிடந்தாலும் சாவியைத் திருப்பினா வண்டி பாயும். ஊர்ல எல்லாரும் அப்படித்தான் செய்யறாங்க."

இர்மா அவன் முகத்துக்கு நேராகக் குனிந்தாள்.

"அவரோட முழங்காலுக்கு அவ்வளவு யோசிச்சவன், உயிருக்கு ஒரு சுவிட்சு யோசிக்கலையா?"

"அதான் சொல்றேனே, நான்தான் கொன்னேன்னு. நாளைக்குக் காலைல ஜட்ஜ்கிட்டயும் அதைத்தான் சொல்லப் போறேன். வக்கீல் வேணாம்னு சொல்லிட்டேன்."

"வண்டியைக் கொண்டுபோய் விட்டப்ப கியர்ல விட்டியா, நியூட்ரல்லயா?"

"நியூட்ரல்னுதான் நினைச்சேன். ஆனா கியர்ல கிடந்துச்சுன்னு கர்ட் சொல்றான். அவன் பொய் சொல்லுவானா? அவரோட சொந்த மருமகன், கூடப் பொறந்தவளோட மகன்."

சொந்த மருமகன் என்ற சொல்லைக் கேட்டதும் இர்மாவுக்கு வாந்தியின் நாற்றமே பரவாயில்லை என்று தோன்றியது. அவள் பார்த்த கேஸ்களில் பாதிக்கு மேல் சொந்தங்கள் செய்ததுதான்.

* * *

"தலைவி, இந்தக் காப்பியை ஷெரிஃப்கிட்ட குடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பலாமா? கொலை ஆயுதமா இருக்க நல்லா வாய்ப்பிருக்கு," என்றான் லானி ப்ரூயிட்.

லானி அவளுடைய உதவியாளன். ரேடியோவில் பேசிக்கொண்டிருந்தவன், அதிகம் பேசியதற்காகவே ரேடியோவிலிருந்து துரத்தப்பட்டவன். மேட்டுத் தெருவில் இருந்த கோனி டாக் கடையில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். மேஜை பிசுபிசுத்தது. பக்கத்து மேஜையில் ஒருத்தன் தன் கோனி டாக்கில், ரொட்டிக்குள் இருந்த சாஸேஜின் மேல் வழிந்த கறிக் குழம்பை விரலால் வழித்து நக்கிக்கொண்டிருந்தான். இர்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"கர்ட் வெஸ்லிங் போலீஸ்ல சொன்னதைச் சொல்லு."

லானி தொண்டையைச் செருமி, துக்கக் குரலை வரவழைத்துக்கொண்டான். "'மாமா கூப்பிட்டாரு, சாவியைத் திருப்புடா, சத்தம் கேக்கலாம்னாரு. எனக்குக் கிளட்ச் வண்டி சத்தியமா தெரியாது. பொறந்ததுலேர்ந்து ஆட்டோமேட்டிக்தான். மாமா பெஞ்சுல ஸ்பானர் எடுக்க முன்னால போனாரு. நான் திருப்பினேன். வண்டி பாய்ஞ்சுடுச்சு. கியர்ல கிடந்திருக்கு, எனக்கெப்படித் தெரியும்? மாமா பெஞ்சுக்கும் பம்பருக்கும் நடுவுல மாட்டிக்கிட்டாரு. என்ஜின் தானா நின்னுடுச்சு. நான் அந்த ராடைப் புடிச்சு நடுவுக்கு இழுத்துட்டு, இறங்கி, வண்டியைப் பின்னால தள்ளினேன். அப்பத்தான் பக்கத்து வீட்டம்மா ஓடி வந்தாங்க.' முடிஞ்சது. கேட்டவங்கெல்லாம் கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்களாம். ஷெரிஃப் ப்ரூனர் அவனுக்கு டோனட் வாங்கிக் குடுத்தாராம்."

"பக்கத்து வீட்டம்மா வேற என்ன சொன்னா?"

"கர்ட் ரெண்டு வருஷமா மாமா வீட்டு சோபாவுல படுத்துக்கிட்டு, மாமா சோத்தைத் தின்னுக்கிட்டு இருந்தான். மான் வேட்டை சீசன் ஆரம்பிக்கறதுக்குள்ள மூட்டையைக் கட்டுடான்னு மாமா கத்தினது தெருவுக்கே கேட்டுச்சாம். இப்ப மாமா இல்ல, வீடு அவனுக்கு. ஆனா தலைவி, அவன்தான் கிளட்ச் தெரியாதவனாச்சே. தெரியாதவன் சாவியைத் திருப்பினா அது விபத்து. என்னை உக்கார வெச்சிருந்தாலும் அதுதான் நடந்திருக்கும்."

"தெரிஞ்சவன் திருப்பியிருந்தா?"

"தெரிஞ்சவன்னா கொலை. ஆனா அதை எப்படி நிரூபிப்பீங்க? ஒருத்தனுக்கு ஒண்ணு தெரியாதுங்கறதை எந்த லேப்ல டெஸ்ட் பண்றது?"

கேஸ் முழுக்க அந்த ஒரு கேள்வியில்தான் நின்றது. காலையில் இர்மா ஒரு முயற்சி செய்து பார்த்திருந்தாள். கர்ட்டை லானியின் ஆட்டோமேட்டிக் காரை ஓட்டச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து, திடீரென்று "நாய்!" என்று கத்தினாள். கிளட்ச் பழகினவனுக்கு இடது கால் தானாகப் பாயும். கர்ட்டின் இடது கால் அசையவே இல்லை. சாவகாசமாக வலது காலால் நிறுத்திவிட்டு, "எங்க மேடம் நாய்?" என்று சிரித்தான். அவனுடைய பல் இடுக்கில் ஏதோ பச்சையாக ஒட்டிக்கொண்டிருந்தது.

கடைக்காரம்மா வந்து மேஜையைத் தட்டினாள். "அந்த ஓட்டை பிக்கப் உங்களுதா? ரொட்டி வண்டிக்கு வழி விடுங்கம்மா."

இர்மா சாவியை லானியிடம் எறிந்தாள். "மேட்டைப் பார்த்து நிக்குது. ஸ்டார்ட் பண்ண வேணாம். ஹேண்ட் பிரேக் வேலை செய்யல, கியர்லதான் நிறுத்தியிருக்கேன். ராடை நியூட்ரலுக்குத் தள்ளிட்டு ரெண்டடி பின்னால உருள விடு, பிரேக்கைப் புடி. அவ்வளவுதான்."

"எனக்குக் கிளட்ச் வண்டி தெரியாதுன்னு உங்களுக்கே தெரியும்."

"உருள விடறதுக்கு என்னடா தெரியணும்?"

லானி போனான். காப்பி ஆறி மேலே ஆடை கட்டியது. போனவன் முகம் சிவந்து திரும்பி வந்தான்.

"தலைவி, உங்க வண்டிக்கு வயசாயிடுச்சு. ராடு அசைய மாட்டேங்குது. ரெண்டு கையாலயும் இழுத்தேன். காலை டேஷ்போர்டுல உதைச்சுக்கிட்டு இழுத்தேன். என் முதுகுல ஏதோ புடுங்கிக்கிச்சு, ராடு மட்டும் அப்படியே இருக்கு."

இர்மா அலுத்துக்கொண்டு எழுந்து போனாள். ஏறி உட்கார்ந்தாள். ராடு வெண்ணெயாக நழுவி நியூட்ரலுக்கு வந்தது. வண்டி ரெண்டடி உருண்டு நின்றது.

"உங்களைப் பார்த்தா இரும்புக்கே பயம்," என்றான் லானி.

இர்மா இறங்கவில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"லானி, அவன் சொன்ன கடைசி வரியை இன்னொரு தடவை சொல்லு."

"'ராடைப் புடிச்சு நடுவுக்கு இழுத்துட்டு, இறங்கி, வண்டியைப் பின்னால தள்ளினேன்.' ஏன்?"

"ஏறு வண்டில. ஷெரிஃப் மான் வேட்டைக்குக் கிளம்பறதுக்குள்ள புடிக்கணும்."

* * *

ஷெரிஃப் ப்ரூனர் மனசளவில் ஏற்கெனவே பாதி காட்டுக்குப் போய்விட்டிருந்தார். ஆரஞ்சு நிற வேட்டைக் கோட்டு, கையில் தெர்மாஸ், கண் கடிகாரத்தில். போலீஸ் பிடித்து வைக்கும் வண்டிகளுக்கான யார்டில், வண்டிகளை ஏற்றி இறக்கக் கட்டியிருந்த சாய்வுத் தளத்தின் மேல், ஆர்வில் ஹாஸ்கெட்டின் பிளிமத் மூக்கைக் கீழே பார்த்து நின்றது. இர்மா கேட்டுக்கொண்டபடியே முதல் கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிட்டிருந்தார்கள். வண்டியின் பாரம் முழுக்க அந்தக் கியரின் பல்லில் தொங்கியது.

"கேஸ் முடிஞ்சு போச்சு, இர்மா. மெர்லே ஒத்துக்கிட்டான். மானுக்கு எனக்காகக் காத்திருக்கத் தெரியாது," என்றார் ஷெரிஃப்.

"பத்தே நிமிஷம், க்ளிஃப். மெர்லோட வேலை எவ்வளவு மட்டம்னு கர்ட் காட்டப் போறான். உங்க கேஸ்தான் பலமாகும்."

கர்ட் வெஸ்லிங் கேட்டைத் தாண்டி ஆடி அசைந்து வந்தான். ஒரு கையில் கடித்த கோனி டாக், மோவாயில் குழம்பு. அவன் போட்டிருந்த கோட்டைப் பார்த்ததும் இர்மாவுக்கு உடம்பு கூசியது. சிவப்புக் கட்டம் போட்ட பழைய வேட்டைக் கோட்டு. மார்பில் ஆர்வில் என்று நூலால் பின்னியிருந்தது. மாமாவைப் புதைத்த மண் இன்னும் இறுகியிருக்காது.

"அந்த மெக்கானிக் நாய் என்னமோ வண்டில குறையே இல்லங்கறானாம்?" என்றான் கர்ட், மென்றுகொண்டே.

"ஆமா," என்றாள் இர்மா. "கியர் பாக்ஸ் சுத்தமா இருக்காம். நீங்கதான் உள்ள இருந்த ஆளு. அன்னிக்கு மாமா மாட்டிக்கிட்டப்ப ராடு எவ்வளவு கஷ்டப்பட்டு வந்துச்சுன்னு ஷெரிஃபுக்குக் காட்டுங்க. முதல்ல லானி, நீ இழு. சும்மா ஒரு ஒப்பீட்டுக்கு."

லானி உள்ளே உட்கார்ந்து ராடைப் பிடித்துத் தொங்கினான். பல்லைக் கடித்தான். பைபிளில் வரும் சில பெயர்களைச் சொல்லிக் கூப்பிட்டான். ராடு அசையவில்லை.

"சாப்பிட்டு வந்திருக்கணும்," என்று சொல்லிக்கொண்டே இறங்கினான்.

கர்ட் சிரித்தான். மிச்ச கோனி டாக்கை வாயில் திணித்து, கையை மாமாவின் கோட்டில் துடைத்துவிட்டு ஏறி உட்கார்ந்தான். ஒரு இழுப்பு இழுத்தான். வரவில்லை. இன்னொரு இழுப்பு.

"பாத்தீங்களா ஷெரிஃப்? எப்படி மாட்டியிருக்கான் பாருங்க. குப்பை வேலை."

"ஆனா அன்னிக்கு வந்துச்சே?" என்றாள் இர்மா.

"அன்னிக்கு வந்துச்சு."

"அன்னிக்கும் இதே மாதிரிதான் பாரம். பம்பர் பெஞ்சை முட்டிக்கிட்டு நின்னுது. அப்ப ஒரே இழுப்புல வந்தது இப்ப ஏன் வரல?"

"பதட்டத்துல பலமா இழுத்திருப்பேன்."

"இன்னொரு தடவை பலமா இழுங்க."

கர்ட் இழுத்தான். கழுத்து நரம்பு புடைத்தது. ஷெரிஃப் கடிகாரத்தைப் பார்த்தார்.

"போதும் இர்மா. இதுல என்ன..."

"இருங்க க்ளிஃப்." இர்மா ஜன்னலருகே குனிந்தாள். குழம்பும் வியர்வையும் கலந்த வாடை அவன் மேலிருந்து அடித்தது. அவள் பின்வாங்கவில்லை. "ஏன் தம்பி, உங்க மாமா அங்கே நசுங்கிக்கிட்டிருந்தப்பவும் இப்படித்தான் சொகுசா இழுத்தீங்களா? இல்ல, இழுக்கவே இல்லையா? பக்கத்து வீட்டம்மா வர்ற வரைக்கும் உக்காந்து வேடிக்கை பாத்தீங்களா?"

"வாயை மூடு கிழவி!" கர்ட்டின் முகம் கறுத்தது. "நான் இழுத்தேன். வண்டியைத் தள்ளினேன். அந்தம்மா பாத்தா!"

"எங்க, இழுங்க பாப்போம். உங்களால முடியாது. உங்க மாமா சொன்ன மாதிரி சோபாவுல படுக்கத்தான் லாயக்கு."

"இந்தா பாருடி!"

ராடு நழுவி நியூட்ரலுக்கு வந்தது. சத்தமே இல்லை. பிளிமத் விடுபட்டுச் சரிவில் பாய்ந்தது. கீழே நின்றிருந்த ஷெரிஃப் தெர்மாஸை எறிந்துவிட்டு எகிறிக் குதித்தார். டயர் கிறீச்சிட, வண்டி அவர் நின்ற இடத்துக்கு ஒரு சாண் முன்னால் நின்றது.

கர்ட் ஜன்னல் வழியே தலையை நீட்டினான். முகம் முழுக்க வெற்றி.

"வந்துச்சா? பாத்தீங்களா? வந்துச்சா இல்லையா?"

இர்மா சரிவில் நிதானமாக நடந்து வந்து, டிரைவர் பக்கத்துக் கதவை அகலத் திறந்தாள்.

"க்ளிஃப், இங்க வாங்க. தம்பி, அசையாம அப்படியே இருங்க. இப்பக் கொஞ்சம் கீழ குனிஞ்சு பாருங்க."

கர்ட் குனிந்து பார்த்தான். வலது கால் பிரேக்கின் மேல் இருந்தது. இடது கால் கிளட்ச் பெடலைத் தரையோடு தரையாக அமுக்கிக்கொண்டிருந்தது.

"பாரம் தொங்கற கியரை எவ்வளவு இழுத்தாலும் எடுக்க முடியாது," என்றாள் இர்மா. "கிளட்சை மிதிச்சாத்தான் விடும். லானிக்குக் கிளட்ச் தெரியாது, அவன் முதுகைப் புடிச்சுக்கிட்டு இறங்கினான். நீயும் புத்தியோட இருந்த வரைக்கும் இழுக்கற மாதிரி நடிச்சே. கோபம் வந்ததும் கால் தன் வேலையைச் செஞ்சுடுச்சு. அன்னிக்கும் அந்தம்மா ஓடி வர்ற சத்தம் கேட்டதும், காப்பாத்தற மாதிரி காட்டணுமேன்னு அவசரத்துல இதையேதான் செஞ்சே. கிளட்ச் வண்டி தெரிஞ்சவன், ஆளு முன்னால நிக்கறப்ப, முதல் கியரைப் போட்டு, மிதிக்காம சாவியைத் திருப்பியிருக்கே."

"இது... சும்மா பட்டிருச்சு. கால் சும்மா பட்டிருச்சு."

"சும்மா பட்ட கால் தரை வரைக்கும் போய் இன்னும் அங்கயே இருக்கா?"

கர்ட் சடாரென்று காலை எடுத்தான். தீயை மிதித்தவன் மாதிரி எடுத்தான். அதைப் பார்த்துக்கொண்டே ஷெரிஃப் தன் ஆரஞ்சுக் கோட்டின் பட்டனைக் கழற்றினார். இடுப்பில் விலங்கு இருந்தது.

"அவரு என்னை நாய் மாதிரி துரத்தினாரு," என்றான் கர்ட். குரலில் அழுகை, கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணி இல்லை. "எனக்குப் போக இடம் எங்க இருக்கு? யாராவது கேட்டீங்களா? அந்தக் கம்பியை முறுக்கினது மெர்ல்தானே? அவன் ஒழுங்கா செஞ்சிருந்தா என்னால இதைச் செய்ய முடிஞ்சிருக்குமா?"

அவன் வாய் ஓரத்தில் குழம்பு காய்ந்து கிடந்தது. இர்மாவுக்கு அடிக்க வேண்டும் போல இருந்தது. ஆனால் அவனைத் தொட வேண்டுமே என்று விட்டுவிட்டாள்.

"க்ளிஃப், முதல்ல அந்தக் கோட்டைக் கழட்டச் சொல்லுங்க," என்றாள்.

* * *

லாக்கப்பில் இன்னும் அதே நாற்றம்தான். மெர்ல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று முழுவதையும் கேட்டான். நாளைக்கு ஜட்ஜ் முன்னால் அவன் சொல்ல ஒன்றும் இல்லை, வீட்டுக்குப் போகலாம் என்று இர்மா சொன்ன பிறகும் அவன் நகரவில்லை.

"ஆனா கம்பியை முறுக்கினது நான்தான்," என்றான்.

"நீதான். அதுக்காக உன்மேல எனக்கு இருக்கற அருவருப்பு அப்படியே இருக்கு. நீ கியர் மாத்தின ஒவ்வொரு வண்டியையும் திரும்பக் கொண்டு வந்து அந்த சுவிட்சைப் போடற. காசு வாங்காம."

"போடறேன்."

"ஒரு சந்தேகம், மெர்லு," என்றான் லானி. "அவ்வளவு உஷாரான பய. காலைல தலைவி நாய்னு கத்தினப்பகூட இடது காலை அசைக்கல. அந்தக் கிளட்சை மட்டும் மிதிக்கறது அவனுக்கே எப்படித் தெரியாம போச்சு?"

"மத்த வண்டியா இருந்தா தெரிஞ்சிருக்கும்," என்றான் மெர்ல் மெதுவாக. "தொடை வரைக்கும் வலிக்கும். இது ஆர்விலுக்காகப் பண்ணினது. மிதிக்கறதே தெரியக் கூடாதுன்னுதான் பண்ணினேன்."

"அதேதான்," என்றாள் இர்மா. "மிதிச்சது அவனுக்கே தெரியல. அதனாலதான் மாட்டிக்கிட்டான்."

மெர்ல் தலையாட்டினான். பிறகு எதையோ யோசித்தான்.

"நான் கொண்டுபோய் விட்டப்பவே இருட்டிடுச்சு, மேடம். காலைல முதல் ஆளா ஓட்டறேன்னு சொன்னாரு ஆர்வில். அவரு உக்காரவே இல்ல. ஒரு தடவைகூட மிதிச்சுப் பாக்கல." "அப்ப எனக்கப்புறம் அதை முதல்ல மிதிச்சது... அந்த நாயோட காலா?"

மெர்ல் திரும்பி, மூலையில் காறித் துப்பிவிட்டு, சுவரில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதான்.